கிட் ஓரியின் டிராம்போன் வாசிப்புக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

கேள்வி:
ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழு 1925, 1926ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட இசைத்தட்டுகளைக் கேட்டு வருகிறேன். அவற்றில் டிராம்போன் (குழலை நீட்டி இழுத்து ஊதும் பித்தளைக் கருவி) வாசிக்கும் கிட் ஓரி, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வதையும் தாளத்தை முரட்டுத்தனமாக அழுத்துவதையும் தவிர அதிகம் செய்வதாகத் தெரியவில்லை. இவரை முன்னோடி என்பதற்கு வாசிப்பு காரணமா, வெறும் மூப்பு காரணமா? பிற்காலத்தில் பல ஆண்டுகள் இவர் பெயரே காணப்படாதது ஏன்?

மறுமொழி 1:
வாசிப்புதான் காரணம். அக்குழுவில் டிரம்ஸும் இல்லை, கீழ்ச்சுரக் கருவியான பாஸும் இல்லை. டிரம்பெட் போன்ற கார்னெட்டும் கிளாரினெட்டும் மேலே பின்னிக்கொண்டு போகையில், பியானோவும் பேன்ஜோவும் தாளம் கொடுக்க, கீழ்ச்சுரங்களைத் தாங்கியவர் ஓரி. நியூ ஆர்லியன்ஸில் குதிரை வண்டியில் ஏறி விளம்பரத்துக்காக வாசித்துச் சென்ற குழுக்கள், குழலை நீட்டி இழுக்க இடம் வேண்டுமென்று டிராம்போன்காரரை வண்டியின் பின்பலகையோரம் உட்காரவைத்தன. ஓரி வாசிக்கும் பாணிக்கு 'டெயில்கேட்' (பின்பலகை) என்ற பெயர் அந்த வழக்கத்திலிருந்து வந்தது. ஓரியின் 'மஸ்க்ரட் ராம்பிள்' தட்டில் கார்னெட்டை மறந்துவிட்டு, அதன் சொற்றொடர்கள் முடியும் இடங்களில் கீழே என்ன நடக்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

மறுமொழி 2:
மூப்பையும் அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1886 டிசம்பர் 25 அன்று லூசியானாவில், 1811ஆம் ஆண்டு அடிமைகள் கிளர்ச்சி தொடங்கிய அதே வுட்லண்ட் கரும்புத் தோட்டத்தில் பிறந்த ஓரி, முதலில் பேன்ஜோ வாசித்தவர். 1918இல், ஓரியின் குழுவில் கார்னெட் வாசித்துவந்த கிங் ஆலிவர் சிகாகோவுக்குப் போனபோது, அந்த இடத்துக்கு இளைஞரான ஆம்ஸ்ட்ராங்கைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டவர் இவரே. ஆகவே ஹாட் ஃபைவில் நீங்கள் கேட்பது, முன்னாள் தலைவர் தம்மிடம் இருந்த இளைஞரின் கீழ் முகம் சுளிக்காமல் வாசிப்பதை. (எத்தனை தலைவர்களால் இது முடியும்!) 1919இல் லாஸ் ஏஞ்சலஸ் சென்ற அவர், அங்கே 1922இல் பதிவுசெய்த தட்டுகள்தாம் நியூ ஆர்லியன்ஸ் கறுப்பினக் குழுவொன்றின் முதல் ஜாஸ் பதிவுகளாகக் கருதப்படுகின்றன.
பெயர் மறைந்ததற்குக் காரணம் பொருளாதாரப் பெருமந்தம். 1930களில் இசையை விட்டுத் தம் சகோதரருடன் கோழிப்பண்ணை நடத்தினார். 1944இல் திரைப்பட இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் வானொலி நிகழ்ச்சி அவரை மீண்டும் மேடையேற்றியது. 1973இல் ஹொனலூலுவில் காலமானார்.

மறுமொழி 3:
நீங்கள் கேட்கும் முரட்டுத்தனத்தில் ஒரு பங்கு பதிவு முறையைச் சேர்ந்தது. ஹாட் ஃபைவின் முதல் தட்டுகள் மைக் இல்லாமல் கூம்புக் குழாய் வழியாகப் பதிவானவை. 1944க்குப் பிந்தைய பதிவுகளில் அதே பாணி எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு முடிவுக்கு வாருங்கள்.