ரோட்டரி என்கோடரை ஒரே திசையில் திருப்பினாலும் எண் முன்னும் பின்னும் தாவுகிறது, உதவி தேவை

கம்பிச்சுருள்:
வணக்கம். மின்வழங்கி ஒன்றின் வோல்ட்டேஜைக் கூட்டவும் குறைக்கவும் ரோட்டரி என்கோடர் (திருப்பும் திசையையும் அளவையும் இரு முனைகளில் துடிப்புகளாகத் தரும் குமிழ்) பொருத்தியிருக்கிறேன். வலப்பக்கம் மட்டுமே திருப்பினாலும் எண் சில சமயம் இரண்டு மூன்றாகத் தாவுகிறது, சில சமயம் ஒன்று குறைகிறது, வேகமாகத் திருப்பினால் அசையாமல் நிற்கிறது. போன வாரம் வரை ஓரளவு சரியாகவே இருந்தது. என்கோடரை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. நாளைக்குள் முடித்தாக வேண்டும், காரணம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

அலைக்காட்டி:
எந்த போர்டு, எந்த என்கோடர், புல்-அப் ரெசிஸ்டர் (முனையை மேல்நிலையில் பிடித்து வைப்பது) உண்டா, நிரலில் எப்படிப் படிக்கிறீர்கள் என்ற நான்கும் தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது. போன வாரத்திற்குப் பிறகு எதைச் சேர்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

செம்புத்தகடு:
இது தொடுமுனைத் துள்ளல்தான் (உள்ளே தொடுமுனைகள் சேரும்போதும் விலகும்போதும் சில கணம் விட்டுவிட்டு இணைவது), சந்தேகமே வேண்டாம். இரண்டு முனைகளிலும் 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக 10 நானோஃபாரட் கெபாசிட்டரைத் தரைக்கு இணையுங்கள். வன்பொருளில் வரும் அழுக்கை வன்பொருளிலேயே கழுவிவிட வேண்டும் என்பது என் அனுபவம்.

நிரல்வழி:
இதே கேள்விக்குப் பலமுறை விடை எழுதிவிட்டேன். அடிப்படையைப் படிக்காமல் பாகங்களைக் கோத்துவிட்டு, ஓடாதபோது உதவி கேட்பது வழக்கமாகிவிட்டது. என்கோடரின் ஏ, பி என்ற இரண்டு முனைகளும் 00, 01, 11, 10 என்ற வரிசையில்தான் மாறும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாறும். பழைய நிலையையும் புதிய நிலையையும் சேர்த்துப் பார்த்தால் 16 சேர்க்கைகள் கிடைக்கும். அவற்றை ஓர் அட்டவணையாக எழுதினால் நான்கு +1 (ஒரு திசை), நான்கு -1 (எதிர்த்திசை), மீதி எட்டும் 0. ஒரு முனை 00-க்கும் 01-க்கும் இடையே எத்தனை முறை துள்ளினாலும், கூட்டலும் கழித்தலும் தாமாகவே ஈடாகி, முடிவில் சரியான எண்தான் நிற்கும். இதைப் புரிந்துகொண்டவருக்குக் கெபாசிட்டரும் வேண்டாம், டிலேயும் (நிரலைச் சற்று நேரம் காத்திருக்க வைப்பது) வேண்டாம்.

கம்பிச்சுருள்:
மன்னிக்கவும். போர்டு ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. என்கோடர் ஐந்து முனைகள் கொண்ட மாட்யூல், அதில் 10 கிலோஓம் புல்-அப் இருக்கிறது, பிளஸ் முனையையும் இணைத்திருக்கிறேன். லூப்பில் (நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) ஏ கீழே இறங்குவதைப் பார்த்ததும் பி-யைப் படித்துத் திசையை முடிவு செய்கிறேன், பிறகு 5 மில்லிவினாடி டிலே. போன வாரம் 128×64 ஓலெட் திரை சேர்த்தேன். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்காது என்று நினைத்துத்தான் சொல்லவில்லை.

அலைக்காட்டி:
தொடர்பு அங்கேதான் இருக்கிறது. முழுத்திரையை வரைய 1,024 பைட்டுகள் அனுப்ப வேண்டும். திரைக்குத் தரவு போகும் ஐ2சி என்ற இரு கம்பித் தொடர்பில் ஒரு பைட்டுக்கு ஒன்பது துடிப்புகள் ஆவதால், 100 கிலோஹெர்ட்ஸில் அதற்கே 92 மில்லிவினாடி பிடிக்கும். உங்கள் என்கோடரில் ஒரு சுற்றுக்கு 20 கிளிக் இருந்து, வினாடிக்கு ஒரு சுற்று திருப்பினால், ஒரு கிளிக்குக்கு 50 மில்லிவினாடிதான். திரை வரையப்படும் நேரத்தில் கிட்டத்தட்ட இரண்டு கிளிக்குகள் யாரும் பார்க்காமலே கடந்துபோகின்றன.

எண் குறைவதற்குக் காரணம் வேறு. இப்படிப்பட்ட என்கோடர் ஒன்றை ஆசிலாஸ்கோப்பில் பார்த்தபோது, ஏ முனை மேலே ஏறும் இடம் சீப்பின் பற்களைப் போல இருந்தது. ஏறும்போது துள்ளுகிற ஒவ்வொரு பல்லிலும் ஓர் இறக்கம் உண்டு. அந்த நேரத்தில் பி எதிர்நிலையில் இருப்பதால், உங்கள் நிரல் அதை இடப்பக்கத் திருப்பமாக எடுத்துக்கொள்கிறது. ஏ-யின் இறக்கத்தை மட்டும் நம்புகிற எந்த நிரலுக்கும் இதே கதிதான்.

விரைவுத்துடிப்பு:
அப்படியானால் இன்டரப்ட் (முனை மாறியதும் ஓடும் நிரலை இடைநிறுத்தித் தனி நிரல் துண்டை ஓட்டுவது) வைத்துவிடுங்கள். ஊனோவில் 2, 3 ஆகிய முனைகள் அதற்காகவே இருக்கின்றன. திரை வரையும்போதும் ஒரு மாற்றம்கூடத் தப்பாது.

நிரல்வழி:
கையால் திருப்பும் குமிழுக்கு அது தவறான வழி. ஒவ்வொரு துள்ளலுக்கும் இன்டரப்ட் எழுந்து ப்ராசஸரை வீணாக அலைக்கழிக்கும். டைமர் இன்டரப்ட் ஒன்றை 1 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஓடவிட்டு, அதற்குள் அட்டவணையைப் பார்ப்பதே முறை. வினாடிக்கு ஐந்து சுற்று சுழற்றினாலும் 400 மாற்றங்கள்தான், ஒன்றுக்கு 2.5 மில்லிவினாடி கிடைக்கிறது.

விரைவுத்துடிப்பு:
மோட்டார் தண்டில் ஒளி என்கோடர் வைத்தால் உங்கள் 1 மில்லிவினாடி என்ன ஆகும்? அங்கே இன்டரப்ட்தான் வழி.

நிரல்வழி:
கணக்கைப் போட்டுப் பாருங்கள். சுற்றுக்கு 600 துடிப்புள்ள என்கோடர் 2,400 மாற்றங்களைத் தரும். நிமிடத்துக்கு 3,000 சுற்றென்றால் வினாடிக்கு 1,20,000. 16 மெகாஹெர்ட்ஸ் ஊனோவில் ஒரு மாற்றத்துக்கு ப்ராசஸரின் 133 கடிகாரத் துடிப்புகளே மிஞ்சும், அதற்குள் இன்டரப்ட்டுக்குள் நுழைந்து வெளியே வந்து மற்ற வேலைகளையும் செய்ய வேண்டும். அந்த இடத்துக்கு எஸ்டிஎம்32 என்ற மைக்ரோகண்ட்ரோலரின் டைமரில் உள்ள என்கோடர் மோடு போன்ற வன்பொருள் எண்ணிதான் பொருந்தும்.

செம்புத்தகடு:
எந்த வழியாக இருந்தாலும் கெபாசிட்டர் வைத்தால் இன்டரப்ட்களின் எண்ணிக்கை குறையும் என்பதை நீங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

அலைக்காட்டி:
கேட்டவரிடம் இருப்பது மோட்டார் அல்ல, குமிழ். அதற்கு டைமர் போதும். கம்பிச்சுருள், டிலேயை எடுத்துவிடுங்கள். எண் மாறினால் மட்டும் திரையை வரையுங்கள். ஒரு கிளிக்குக்கு நான்கு மாற்றங்கள் வருவதால் எண்ணியை நான்கால் வகுத்துக்கொள்ளுங்கள்.

கம்பிச்சுருள்:
டைமரும் அட்டவணையும் வைத்தேன், தாவுவது நின்றுவிட்டது. அனைவருக்கும் நன்றி. ஆனால் மெதுவாகத் திருப்பும்போது 63-லிருந்து 64-க்குப் போகும் இடத்தில் இரண்டு முறை ஒரு கணம் 127 தெரிந்து மறைந்தது. வேறெங்கும் அப்படி வரவில்லை.

அலைக்காட்டி:
அந்த இரண்டு எண்களைச் சொன்னதே பாதி விடை. நான்கால் வகுக்கும் முன் உங்கள் எண்ணி 255-லிருந்து 256-க்குப் போகிறது. ஊனோவின் ப்ராசஸர் எட்டு பிட் என்பதால், 16 பிட் எண்ணை இரண்டு துண்டாகத்தான் படிக்கும். கீழ்ப் பைட்டை 255 என்று படித்த பிறகு இன்டரப்ட் குறுக்கே வந்து எண்ணியை 256 ஆக்கிவிட்டால், மேல் பைட்டு 1 என்று வரும். பழைய பாதியும் புதிய பாதியும் சேர்ந்தால் 511, அதை நான்கால் வகுத்தால் 127. லூப்பில் அந்த எண்ணைப் படிக்கும் ஒரு வரிக்கு மட்டும் இன்டரப்ட்டை நிறுத்தி, உள்ளூர் மாறியில் எடுத்துக்கொண்டு, உடனே மீண்டும் இயக்கிவிடுங்கள். எண்ணியை வோலட்டைல் (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படிக்கச் சொல்லும் குறிப்பு) என்று அறிவிப்பது இதற்கு மட்டும் போதாது.

கம்பிச்சுருள்:
சரியாகிவிட்டது. மிக்க நன்றி ஐயா.

மணிச்சக்கரம்:
நானும் இதே முறையைச் செய்து பார்த்தேன். என் என்கோடரில் இரண்டு கிளிக் திருப்பினால்தான் எண் ஒன்று கூடுகிறது. என்ன தவறு செய்தேன்?

நிரல்வழி:
தவறு இல்லை. சில என்கோடர்களில் ஒரு கிளிக்குக்கு அரைச் சுழற்சிதான், அதாவது இரண்டு மாற்றங்கள். நான்குக்குப் பதில் இரண்டால் வகுங்கள். ஒவ்வொரு கிளிக்கிலும் குமிழ் நிற்கும்போது இரு முனைகளின் நிலையையும் எழுதிப் பாருங்கள். 11, 00 என்று மாறி மாறி வந்தால் அது அரைச் சுழற்சி வகை, எப்போதும் 11 மட்டுமே வந்தால் முழுச் சுழற்சி வகை.

செம்புத்தகடு:
கம்பிச்சுருள், முடிவில் கெபாசிட்டர் வைத்தீர்களா, இல்லையா?