குழுவாகப் பைத்தான்: ஒருத்தர் தட்டுகிறார், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்

கண்டனூர்க்காரி:
வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (மரபணுத் தகவலைக் கணினியில் அலசும் பாடம்) எடுக்கிறேன். மாணவர்கள் 22 பேர், ஓடுகிற கணினி 7. மூன்று மூன்று பேராக உட்கார வைத்து (ஒரு குழுவில் மட்டும் நாலு) ரோசலிண்ட் என்ற பயிற்சி இணையதளத்தின் கணக்குகளைக் கொடுக்கிறேன். பைத்தான் புரோகிராமிங் தெரிந்த பிள்ளை கீபோர்டை விடுவதில்லை. மற்றவர்கள் இரண்டாம் பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நிற்கிறார்கள்.

போன வாரம் ரிவர்ஸ் காம்ப்ளிமென்ட். டி.என்.ஏ. எழுத்து வரிசையைத் தலைகீழாக்கி, ஏ-யை டி, டி-யை ஏ, சி-யை ஜி, ஜி-யை சி என்று மாற்ற வேண்டும். ஒரு பெண் முதலில் ஏ எல்லாவற்றையும் டி ஆக்கினாள், அடுத்த வரியில் டி எல்லாவற்றையும் ஏ ஆக்கினாள். சி, ஜி-க்கும் அதே கதை. விடையில் வெறும் ஏ-யும் சி-யும்தான். டி-யைக் காணோமே என்று பக்கத்தில் இருந்த ஒருவர்கூடக் கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

ரஸ்தா:
பைத்தான் தெரியாதவர் கையில் கீபோர்டைக் கொடுங்கள், மேடம். தெரிந்தவர் வாயால்தான் சொல்ல வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். எங்கள் கம்பெனியில் புதிதாக வருகிறவர்களுக்கு இப்படித்தான்.

பழைய லேப்காரன்:
அப்படிச் செய்தால் அது டிக்டேஷன் ஆகிவிடும். விடை முன்பே தெரிந்த கணக்காகக் கொடுங்கள். ஃபை எக்ஸ் 174 என்று ஒரு வைரஸ், பாக்டீரியாவைத் தாக்குவது. 1977-ல் ஃப்ரெட் சாங்கர் என்ற விஞ்ஞானியின் குழு அதன் மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்தியது. மொத்தம் 5,386 எழுத்து. என்.சி.பி.ஐ. என்ற அமெரிக்க மரபணுத் தகவல் தளத்திலிருந்து அதன் ஃபாஸ்டா கோப்பை (மேலே ஒரு தலைப்பு வரி, கீழே எழுத்து வரிசை) இறக்கி எண்ணச் சொல்லுங்கள். 5,386 வராது. ஏன் வரவில்லை என்று பேப்பரில் எழுதிக் காட்டிய பிறகுதான் கீபோர்டைத் தொட வேண்டும்.

கண்டனூர்க்காரி:
இரண்டையும் கலந்து செய்து பார்த்தேன். தலைப்பு வரியையும் சேர்த்து எண்ணியவர்கள்தான் அதிகம். அதை விட்டுவிட்டு எண்ணிய ஒரு குழுவுக்கு 5,463 வந்தது, 77 கூடுதல். அந்தக் குழுவில் எப்போதும் போனை நோண்டுகிற பையன் ஒருவன். அப்பாவுக்கு ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை. ஒரு ஹாலுக்கு எத்தனை கல் பிடிக்கும் என்று மனக்கணக்காகச் சொல்லுவான். "வரிக்கு 70 எழுத்து, மேம். 5,386-ஐ 70-ஆல் வகுத்தால் 77 வரி வருது. வரிக்கு ஒண்ணு கூடுது" என்றான். ஒவ்வொரு வரி முடிவிலும் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத அந்த என்டர் குறிதான்! அதை நீக்க ஸ்ட்ரிப் போட வேண்டும் என்று கீபோர்டில் இருந்த பெண்ணிடம் சொன்னவனும் அவனே.

நாலு பேர் குழு மட்டும் இன்னும் யார் முறை என்று சண்டை போடுகிறது. எட்டாவது கணினியை ரிப்பேர் செய்யக் கேட்டிருக்கிறேன்.