பப்மெட்டில் வருட வரைபு ஒத்துவரவில்லை: கல உயிரியல் சஞ்சிகையின் ஆய்வுப்போக்கு, உதவி தேவை

பம்பைமடு பிள்ளை:
அண்ணாமார் அக்காமாருக்கு வணக்கம். உயிரியல் இறுதி வருடம் படிக்கிறேன். வருகிற வியாழக்கிழமை எனக்குச் செமினார். ஒரு கல உயிரியல் சஞ்சிகையில் காலத்துக்குக் காலம் எந்த விடயம் ஏறியது, எது இறங்கியது என்று காட்ட வேண்டும். நான் எடுத்தது ஜேர்னல் ஒஃப் செல் பயோலொஜி. 1955 இல் தொடங்கியது, பழைய கட்டுரைகளைக் காசில்லாமல் வாசிக்கலாம், அதனால்தான்.

ஓட்டோபஜி (கலம் தன் பகுதிகளைத் தானே சமிப்பது), பேஸ் செப்பரேஷன் (ஒரு கலவை படையாகவோ துளியாகவோ பிரிவது) இரண்டு சொல்லையும் உயிர்மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் போட்டு, இடது பக்கம் வரும் வருடவாரிப் படத்தைப் பார்த்து எக்ஸலில் வரைந்தேன். 1962 இற்கு முதல் அந்தச் சஞ்சிகையின் கட்டுரை ஒன்றுமே இல்லை. வருடங்களைக் கூட்டினால் மேலே காட்டும் மொத்தத்தை விடக் கூட வருகிறது. பேஸ் செப்பரேஷன் புதுசு என்று படித்தேன், ஆனால் எண்பதுகளிலேயே ஒரு மேடு நிற்கிறது. கடைசி வருடத்தில் இரண்டு கோடும் பொத்தென்று விழுகிறது. சேர் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, உலகம் ஓட்டோபஜியைக் கைவிட்டிட்டுதா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வீடு ஒட்டுசுட்டானில். போன் டேற்றாவில்தான் வேலை செய்கிறேன், பெரிய கோப்பு இறக்கச் சொல்லாதீர்கள்.

சும்மா வந்தவன்:
ஏஐ ஒன்றிடம் கேட்டால் வரைபே போட்டுத் தருமே.

நுணுக்குக்காட்டி அக்கா:
போட்டுத் தரும் தம்பி, எண்ணையும் தானே செய்து தரும். வியாழக்கிழமை சேர் முன்னால் நிற்கப்போவது இந்தப் பிள்ளைதான், நீங்கள் இல்லை.

தங்கச்சி, உங்கள் நாலு சிக்கலும் பிழையான தேடலால் மட்டும் வந்ததல்ல. பப்மெட் எதை எண்ணுகிறது என்று தெரியாமல் எண்ண விட்டதுதான் காரணம். நானும் ஒருகாலம் இதே இடத்தில் விழுந்தவள்.

1962 விடயம் லேசு. அந்தச் சஞ்சிகை பிறந்தபோது அதன் பெயர் வேறு: ஜேர்னல் ஒஃப் பயோபிசிக்கல் அன்ட் பயோகெமிக்கல் சைட்டோலொஜி. 1962 இல்தான் இப்போதைய பெயர் வந்தது. பப்மெட்டுக்கு அவை இரண்டு சஞ்சிகைகள். பழைய பெயரிலும் ஒரு தடவை தேடி, இரண்டையும் சேருங்கள். விட்டுவிட்டால் நட்டம் உங்களுக்குத்தான். கல உயிரியலாளர் பலாடே இறைபோசோம் மணிகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கண்டு எழுதிய 1955 கட்டுரை அந்தப் பழைய பெயரில்தான் இருக்கிறது. நாங்கள் ஏ.எல். புத்தகத்தில் பாடமாக்கிய படங்களின் பிறந்த வீடு அது. இப்போதைய பெயருக்கு, அட்வான்ஸ்ட் பக்கத்தில் ஜேர்னல் என்ற புலத்தைத் தெரிந்து சஞ்சிகையின் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். 0021-9525 ஐப் போடுங்கள். பெயரை வெறும் தேடல் பெட்டியில் எழுதினால் வேறு சஞ்சிகைகளும் உள்ளே வந்து புகும்.

கூட்டல் கூடுவதற்குக் காரணம், ஒரு கட்டுரை மார்கழியில் இணையத்தில் வந்து தையில் அச்சு இதழில் வந்தால், படம் அதை இரண்டு வருடத்திலும் எண்ணும். உங்கள் எக்ஸலில் பிழை இல்லை. கடைசி வருடம் விழுவது அந்த வருடம் இன்னும் முடியாததால். அதை வெட்டிவிடுங்கள், அல்லது புள்ளிக்கோடாகப் போடுங்கள். சேருக்கு அதுதான் பதில்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. பப்மெட் முழுக் கட்டுரைக்குள் தேடுவதில்லை. தலைப்பு, சுருக்கம், விடயத்தைக் குறிக்கும் பாடச்சொற்கள் போன்ற பதிவு விபரங்களில் மட்டும்தான். 1975 இற்கு முந்திய பதிவுகள் பலவற்றுக்குச் சுருக்கமே கிடையாது. ஓட்டோபஜி என்ற சொல்லைக் கல உயிரியலாளர் டி டூவ் 1963 இலேயே வைத்துவிட்டார். எழுபதுகளில் கோடு தரையோடு கிடப்பதைப் பார்த்து ஒருவரும் ஆராயவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

முள்ளியவளை விவசாயி மகன்:
எனக்குக் கல உயிரியல் தெரியாது, புள்ளிவிபரம் படித்தவன். மொத்த எண்ணிக்கையை ஏன் வரைகிறீர்கள்? எங்கள் அப்பாவிடம் இந்தமுறை காலபோகம் எப்படி என்று கேட்டால் மொத்த மூட்டையைச் சொல்லமாட்டார், ஏக்கருக்கு எத்தனை என்றுதான் சொல்லுவார். விதைத்த பரப்பு வருடத்துக்கு வருடம் மாறும்தானே. சஞ்சிகையும் ஒவ்வொரு வருடமும் ஒரே அளவு கட்டுரை போடாது. அந்த வருடத்து மொத்தக் கட்டுரையால் பிரித்து வீதமாகப் போடுங்கள்.

நுணுக்குக்காட்டி அக்கா:
சரியாகச் சொன்னார். பிரிக்கும் எண்ணிலும் கவனம் வேண்டும். அந்தச் சஞ்சிகையில் செய்தி, நேர்காணல், குறிப்பு என்று ஆய்வு அல்லாதவையும் வரும். சுருக்கம் உள்ளவை மட்டும் என்ற வடிகட்டியைப் போட்டால் அவற்றில் பெரும்பகுதி கழன்றுவிடும். ஆனால் 1975 இற்குப் பிந்திய காலத்துக்கு மட்டும்தான் அது செல்லும்.

எண்பதுகளின் மேடு எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. ட்ரைற்றன் எக்ஸ்-114 என்ற சவர்க்காரக் கரைசலைச் சூடாக்கினால் இரண்டு படையாகப் பிரியும். மென்சவ்வுப் புரதங்கள் ஒரு படைக்குள் போய்விடும். போர்டியர் 1981 இல் வெளியிட்ட அந்த முறைக்கும் பெயர் பேஸ் செப்பரேஷன்தான். அது ஒரு செய்முறை. நீங்கள் தேடுவது கலத்துக்குள் புரதமும் ஆர்.என்.ஏ.யும் எண்ணெய்த் துளி போல ஒன்றுசேர்வதை. அது சூடுபிடித்தது 2009 இல், புழுவின் ஒற்றைக்கல முளையத்தில் பி மணிகள் எனப்படும் புரத-ஆர்.என்.ஏ. துணிக்கைகள் திரவம் போல நடந்துகொள்வதைக் காட்டிய பிறகு. அந்தக் கட்டுரை வந்தது உங்கள் சஞ்சிகையில் இல்லை, சயன்ஸில். பிறகு அப்படிச் சேர்ந்த துளிக்குக் கொண்டென்சேற் என்ற சொல்லும் பரவியது. அதையும் சேர்த்துத் தேடாவிட்டால் அண்மைக் காலம் குறைவாகத் தெரியும். ஒவ்வொரு பத்தாண்டிலும் பத்துத் தலைப்பையாவது திறந்து வாசியுங்கள். சுருக்கத்துக்கு டேற்றா அவ்வளவு போகாது.

பம்பைமடு பிள்ளை:
அக்கா, எண்பதுகளில் முதலில் திறந்ததே ட்ரைற்றன் எக்ஸ்-114! பழைய பெயரையும் சேர்த்துவிட்டேன். ஓட்டோபஜியை வீதமாக்கினால் ஏற்றம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஜப்பானிய உயிரியலாளர் ஓசுமியின் ஆய்வுகூடம் மதுவத்தில் ஓட்டோபஜியைக் காட்டிய 1992 கட்டுரையும் இதே சஞ்சிகையில் கிடைத்தது. அவருக்கு நோபல் 2016 இல்தானே, அதனால் நோபலுக்குப் பிறகுதான் எல்லோரும் ஓடினார்கள் என்ற என் வசனத்தை வெட்டிவிட்டேன். நோபலுக்கு எத்தனையோ வருடம் முன்பே கோடு ஏறத் தொடங்கிவிட்டது.

இன்னொன்று. சஞ்சிகையில் கட்டுரை எண்ணிக்கை குறைந்தால் அது சரிகிறது என்று சொல்லலாமா? இம்பக்ட் ஃபக்டரும் போடவா?

சிங்கப்பூரில் இருந்து மாங்குளத்தான்:
சொல்ல வேண்டாம் தங்கச்சி. ரொன் வேல் என்ற கல உயிரியலாளர் 2015 இல் ஒரு ஒப்பீடு செய்தார்: செல், நேச்சர், உங்கள் சஞ்சிகை மூன்றிலும் 1984 கட்டுரைகளையும் 2014 கட்டுரைகளையும் பக்கத்தில் வைத்து. ஒரு கட்டுரைக்குள் இருக்கும் பரிசோதனைப் படங்கள் இரண்டு முதல் நாலு மடங்காகியிருந்தன. முந்தி மூன்று கட்டுரையாக வந்திருக்கக்கூடியது இப்போது ஒன்றாக வருகிறது. எங்கள் ஆய்வுகூடத்திலும் அதே கதைதான், ஒரு கட்டுரைக்கு மூன்று வருடம் இருந்தேன். அதோடு, சஞ்சிகைக்கு முன்பே கட்டுரை வரைவைப் போடும் தளமான பயோஆர்கைவ் 2013 இல் தொடங்கிய பிறகு பலர் முதலில் அங்கே போட்டுவிட்டுத்தான் சஞ்சிகைக்கு அனுப்புகிறார்கள். சஞ்சிகையில் வந்த திகதியை வைத்து யார் முந்தினார் என்று பேசவும் இப்போது ஏலாது.

இம்பக்ட் ஃபக்டர் முந்திய இரண்டு வருடத்துக் கட்டுரைகள் அந்த வருடத்தில் பெற்ற மேற்கோளின் சராசரி. போக்கைக் காட்ட உதவாது. அதைப் பிடித்து ஆளை அளக்காதீர்கள் என்ற டோரா பிரகடனமே 2012 இல் அமெரிக்கக் கல உயிரியலாளர்களின் கூட்டத்தில் முளைத்ததுதான். சேர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள், ஸ்லைடில் போடாதீர்கள்.

நுணுக்குக்காட்டி அக்கா:
இடம் இருந்தால் ஒரு வரி: 2002 இல் இருந்து இந்தச் சஞ்சிகை, ஏற்றுக்கொண்ட கட்டுரைகளின் படங்களில் கைவைத்திருக்கிறார்களா என்று பார்க்கத் தொடங்கியது. படத்தை நம்பிப் பிறந்த சஞ்சிகைக்கு அது சின்ன விடயமில்லை.

பம்பைமடு பிள்ளை:
போடுகிறேன் அக்கா. வருடவாரி எண்ணை சி.எஸ்.வி. கோப்பாக இறக்க ஒரு பொத்தான் இருப்பதை இப்போதுதான் கண்டேன். இரண்டு நாளாகக் கையால் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். சரி, போனில் நாலு வீதம் சார்ஜ்தான் இருக்கிறது. கரண்ட் வந்ததும் வரைந்து போடுகிறேன்.