மறு: ‘ஓவர்ஸ்டீயர்’ – ஒரு சொல் போதாது

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

‘ஓவர்ஸ்டீயர்’, ‘அண்டர்ஸ்டீயர்’ என்ற கார்ச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையை மூன்று நாளாக விடாமல் படித்து வருகிறேன். பட்டறையில் கை ஒழியவில்லை. இன்றுதான் உட்கார முடிந்தது.

> ஓவர் என்றால் மிகை, ஸ்டீயர் என்றால் திருப்பு. எனவே மிகைத்திருப்பம். மற்றது குறைத்திருப்பம். குழப்பத்துக்கு இடமே இல்லை.

இடம் இருக்கிறது ஐயா. ‘மிகைத்திருப்பம்’ என்று ஓர் ஓட்டுநரிடம் சொல்லிப் பாருங்கள். ஸ்டீயரிங்கைத் தான் அதிகமாக ஒடித்துவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார். நடப்பது வேறு. வளைவில் போகும்போது வண்டியின் பின்பக்கம் வெளியே நழுவுகிறது, அதனால் மூக்கு தேவைக்கு மேல் உள்ளே திரும்புகிறது. அந்த நேரத்தில் ஓட்டுநர் ஒடித்ததைக் குறைப்பார், எதிர்ப்பக்கம்கூட ஒடிப்பார்.

1930-களில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த மாரிஸ் ஆலி காலத்திலிருந்து இந்த இணைச்சொற்கள் பொறியாளர்களிடம் புழங்குகின்றன. அடிப்படை எளிமையானது. வளைவில் டயர் பார்க்கும் திசை ஒன்று, அது உண்மையில் போகும் திசை சற்றே வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறு கோணம். அது முன் டயர்களில் கூடினால் அண்டர்ஸ்டீயர், பின் டயர்களில் கூடினால் ஓவர்ஸ்டீயர். இதில் ஓட்டுநரின் கை எங்கே வருகிறது? ஜெர்மானியர்கள் ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து ‘யூபர்ஷ்டொயர்ன்’ என்று வைத்துக்கொண்டார்கள். நாமும் அப்படிச் செய்தாக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

அந்தக் கோணத்தை ‘நழுவுகோணம்’ என்போம். அதிலிருந்து முன்நழுவல், பின்நழுவல் என்ற இரண்டும் தாமாகவே வந்துவிடுகின்றன.

> பின் + நழுவல் = பின்னழுவல் என்றல்லவா புணரும்? படிப்பவர் ‘அழுவல்’ என்று பிரித்துவிடுவார்.

அம்மா, இலக்கணப்படி நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் ‘பின்நவீனத்துவம்’ என்று சேர்க்காமலேயே எழுதிப் பழகிவிட்டோம். கலைச்சொல்லில் உறுப்புகள் தெரிய வேண்டும் என்பதால் இங்கும் அந்தச் சலுகை வேண்டும். ‘வழுவல்’ என்று இன்னொருவர் பரிந்துரைத்ததை இரண்டு நாள் யோசித்தேன். புணர்ச்சிச் சிக்கல் அதில் இல்லை. ஆனால் கணினித் தமிழில் ‘வழு’ என்றால் பிழை என்று ஆகிவிட்டது. இன்றைய கார்களில் கணினியும் இருக்கிறது. இரண்டும் ஒரே கையேட்டில் வந்து நிற்கும்.

இதுவரை சொன்னது முன்னுரை. நான் எழுத வந்த காரணமே ஒரு கார்தான்.

ஸ்டுட்கார்ட் பக்கத்தில் எங்கள் பட்டறைக்குப் போன மாதம் ஒரு தம்பி வந்தார். பெற்றோர் யாழ்ப்பாணம், பிறந்தது இங்கே. கையில் 1989-ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ 318ஐ, ‘ஈ30’ என்ற குறிப்பெயர் கொண்ட உடல். முன்பு வைத்திருந்தவர் குட்டை ஸ்பிரிங் போட்டு 60 மில்லிமீட்டர் இறக்கியிருக்கிறார். “அங்கிள், பின்பக்கம் லூசா இருக்குது” என்றார். இந்த ஒரு வாக்கியத்தில் மூன்று தனித்தனி நோய்கள் ஒளிந்திருந்தன. எனக்குச் சொல் வேண்டியிருப்பது அங்கேதான்.

“நேர் ரோட்டிலயும் அப்படியா?” என்று கேட்டேன். ஆமாம், ஆட்டோபான் நெடுஞ்சாலையில் பாலத்து இணைப்புகளைத் தாண்டும்போது பின்பக்கம் தானாக ஒரு விரற்கடை நகருகிறது என்றார். இது நழுவல் கிடையாது. டயர் பிடியை விடவே இல்லை. டயரைப் பிடித்திருக்கும் ரப்பர்தான் விட்டிருக்கிறது. லிஃப்டில் ஏற்றி, பின்சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் பின்கையின் ரப்பர் புஷ்ஷுக்குப் பக்கத்தில் கடப்பாறையைக் கொடுத்து நெம்பினேன். வலப்பக்க உள்புஷ்ஷில் ரப்பர் உலோகக் குழலை விட்டுப் பிறைபோலக் கிழிந்திருந்தது; நெம்பும்போதெல்லாம் அந்தப் பிறை வாயைத் திறந்து மூடியது. கோவையில் நான் தொழில் பழகிய பட்டறையில் இதற்கு ஒரே சொல்தான்: ‘ஆட்டம்’. “புஷ்ல ஆட்டம் இருக்குதுங்க.” எனவே இந்த நோய்க்குப் ‘பின்னாட்டம்’ என்று முன்மொழிகிறேன். புதிதாக ஆக்க வேண்டியதே இல்லை, இருந்த சொல்லுக்குப் ‘பின்’ சேர்த்தால் போதும்.

இரண்டாவது, வேகத்தை மாற்றாமல் ஒரே வளைவைச் சுற்றும்போது பின்பக்கம் மெல்ல வெளியே போவது. சரியான பின்நழுவல் இதுதான். இதற்கு முதலில் டயரைப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டும் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. முன்னால் புது டயர், பின்னால் 2312 என்று இருந்தது. பள்ளங்களுக்கு நடுவிலுள்ள கட்டை மிச்சமிருந்தாலும் ரப்பர் காய்ந்து நகம்போல ஆகிவிட்டது. உள்விளிம்பு மட்டும் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. இறக்கிய ஈ30-இல் பின்சக்கரத்தின் தலை உள்ளே சாயும் என்பதால் உள்விளிம்புதான் அடிவாங்கும்.

இறக்கிய கார்களுக்கென்றே இன்னொரு சோதனை உண்டு. ஷாக்கின் தண்டில் ஒரு நைலான் டையை இறுக்கமாகக் கட்டி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, அது எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த வண்டியில் அது முட்டுரப்பர் வரைக்கும் போய்விட்டது. ஸ்பிரிங் முடிந்து முட்டுரப்பரில் உட்கார்ந்ததும் பின்பக்கம் திடீரென்று விறைத்துக்கொள்ளும். வெளிச்சக்கரத்தின் மேல் அளவுக்கு மீறிப் பாரம் ஏறும், பிடி போகும்.

மூன்றாவதுதான் ஆளை அச்சுறுத்துவது. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் சட்டென்று சுழல்கிறது. ஜெர்மன் பட்டறைகளில் இதைப் பாரமாற்ற விளைவு என்ற பொருளில் ‘லாஸ்ட்வெக்செல்ரியாக்சியோன்’ என்பார்கள். நம்மிடம் ‘வால் வீசுது’ இருக்கிறது. இந்தச் சட்டென்ற நிலைக்கு மட்டும் ‘வால்வீச்சு’ என்று வைத்துக்கொள்ளலாம். பின்நழுவலுக்குப் பதிலாக அதைப் போட வேண்டாம்.

காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. ஈ30-இன் பின்கை 15 பாகை சாய்ந்த அச்சில் மேலும் கீழும் ஆடுகிறது. சக்கரம் மேலே ஏறினால் தலை உள்ளே சாய்வதோடு, முன்விளிம்பும் உள்ளே திரும்பும். வண்டியை இறக்கும்போது இந்தத் திருப்பம் வேகமாக மாறும் பகுதியில் சக்கரம் வந்து நின்றுவிடுகிறது. காலை எடுத்ததும் பாரம் முன்னே போய்ப் பின்பக்கம் எழும்புகிறது, சக்கரத்தின் உள்திருப்பம் கரைகிறது. புஷ்ஷும் கிழிந்திருந்தால் சக்கரம் வெளியே பார்க்கவே தொடங்கிவிடும். இதே கோளாறை அடக்கத்தான் போர்ஷே 928-க்கு வைசாக் அச்சு என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். காலை எடுக்கும்போது சக்கரம் உள்ளே திரும்பும்படி இணைப்புகளை அமைத்தார்கள்.

இங்கே இன்னொரு சொல் தேவைப்படுகிறது. சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணமான ‘டோ’ என்பதைக் ‘கால்விரல் கோணம்’ என்று யாரும் எழுதிவிடக் கூடாது. ஜெர்மனில் அது ‘ஷ்பூர்’, தடம். பிரெஞ்சில் உள்ளே திரும்புவதைப் ‘பான்ஸ்மான்’, கிள்ளுதல் என்கிறார்கள். ஒவ்வொருவரும் தத்தம் கண்ணால் பார்த்துப் பேர் வைத்திருக்கிறார்கள். எனக்குச் சக்கரம் எங்கே பார்க்கிறது என்றுதான் தோன்றுகிறது. எனவே ‘நோக்கு’: உள்நோக்கு, வெளிநோக்கு. ‘உள்நோக்கம்’ ஆகிவிடாமல் தட்டச்சில் கவனம் வேண்டும். சக்கரத்தின் தலை சாயும் கோணமான கேம்பருக்குச் ‘சாய்வு’ போதும்.

அந்த வண்டியை அளந்தபோது இடப்பின் நோக்கு 0°25′ உள்ளே, வலப்பின் 0°05′ வெளியே. ஈ30-இல் பின்னால் இவற்றைத் திருத்திவைக்கத் தொழிற்சாலை எந்த வசதியும் கொடுக்கவில்லை. மையம் விலகிய புஷ் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். நான்கையும் மாற்றி, இருபக்கமும் 0°10′ உள்நோக்குக்குக் கொண்டுவந்தேன். பின் டயர் இரண்டும் புதிது.

வேலை நடக்கும்போதே இந்த மூன்று சொற்களையும் அவரிடம் சொல்லி விளக்கியிருந்தேன். போன சனிக்கிழமை தம்பி ஓட்டிவிட்டு வந்தார். சாவியைக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: “ஆட்டம் போயிட்டுது அங்கிள். சுத்திப் போகேக்க நழுவுறதும் இல்லை. ஆனா காலை எடுத்தா இன்னும் கொஞ்சம் வால் வீசுது.”

அதற்குமேல் நான் எதையும் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. 25 மில்லிமீட்டர் உயரமான ஸ்பிரிங்குக்குச் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாரம் வரும்.

பட்டியலில் சேர்க்க: நழுவுகோணம், முன்நழுவல், பின்நழுவல், வால்வீச்சு, பின்னாட்டம், நோக்கு, சாய்வு. பின்கையை மட்டும் நான் ‘பின்கை’ என்றே எழுதிவிட்டேன். ட்ரெய்லிங் ஆர்முக்கு அது போதுமா என்று இயந்திரவியல் பாடம் நடத்துபவர்கள் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ஸ்டுட்கார்ட்டிலிருந்து