தாத்தாவின் சவரக்கத்திகள்

கார்த்தி: தாத்தாவின் தகரப்பெட்டியில் இரண்டு சவரக்கத்திகள் கிடைத்தன. ஒன்றில் சோலிங்கன் (ஜெர்மனி ஊர்) என்றும் மற்றதில் ஷெஃபீல்டு (இங்கிலாந்து ஊர்) என்றும் பொறித்திருக்கிறது. இரண்டும் மழுங்கிவிட்டன. நாளைக்குச் சாணை பிடிக்கிறவர் தெருவுக்கு வருவார், கொடுத்துவிடவா?

மதுரை மாமா: கொடுக்காதேடா! சுற்றும் சாணையில் வைத்தால் சூடேறி விளிம்பின் பதம் போய்விடும். அரிவாளுக்கு அது சரி, சவரக்கத்திக்கு ஆகாது. முதுகு தேய்ந்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

கார்த்தி: வெட்டுவது விளிம்புதானே மாமா, முதுகு எதற்கு?

மதுரை மாமா: கோணத்தைத் தீர்மானிப்பதே முதுகுதான். சமையல் கத்தியை எவ்வளவு சாய்ப்பது என்று கைதான் கணக்குப் போடும். சவரக்கத்தியைக் கல்லில் படுக்க வைத்தாலே போதும், முதுகும் விளிம்பும் சேர்ந்து கல்லைத் தொடும். பெரும்பாலும் 16, 17 டிகிரி வரும். எந்த நேரத்திலும் முதுகைத் தூக்காதே. இரண்டையும் முனைப்பக்கமாகப் படம் எடுத்து அனுப்பு.

கார்த்தி: (படம்) (படம்)

மதுரை மாமா: சோலிங்கன் இரண்டு பக்கமும் நன்றாகக் குழிந்திருக்கிறது. விளிம்பு ரொம்ப மெல்லிசு. அழுத்தினால் வளைந்து கல்லை விட்டு எழும்பிவிடும். கத்தியின் சொந்த எடையே போதும்.

மதுரை மாமா: ஷெஃபீல்டு ஆப்பு மாதிரி, கன்னம் (கத்தியின் பக்கவாட்டு) தட்டை. அப்படியே தேய்த்தால் கன்னம் முழுவதும் தேயும், கூர் வந்து சேராது. முதுகில் இன்சுலேஷன் டேப் ஒரே ஒரு அடுக்கு ஒட்டு. முதுகு கொஞ்சம் உயர்ந்து விளிம்போரம் மட்டும் கல்லில் படும். அடுத்த முறையும் அதே ஒரு அடுக்குதான், இல்லாவிட்டால் கோணம் மாறிவிடும். விளிம்பும் சற்று வளைந்திருக்கிறது. அதனால் அடியிலிருந்து முனைவரை எடையை மெதுவாக மாற்றிக்கொண்டே இழுக்க வேண்டும். நேராக இழுத்தால் நடுவில் மட்டும்தான் கல் படும்.

பெரியப்பா: நம் ஊர் சலூனில் நாற்காலியில் தோல்வார் தொங்கும். அதில் நாலு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் கன்னத்தில் வைப்பார். கல்லில் தீட்டிப் பார்த்த நினைவில்லை.

மதுரை மாமா: கல் எப்போதாவதுதான் வேண்டும் அத்தான். தோல்வார் ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால். கார்த்தி, இதைக் குறித்துக்கொள்: கல்லில் விளிம்பு முன்னால் போக வேண்டும், தோலில் முதுகு முன்னால் போக வேண்டும். திருப்பும்போது முதுகின்மேல் உருட்டித் திருப்பு. வாரை விறைப்பாகப் பிடி, தொய்ந்தால் கூர் உருண்டுவிடும்.

கார்த்தி: என்ன கல் வாங்குவது?

மதுரை மாமா: தண்ணீர்க் கல், அதாவது தண்ணீர் விட்டுத் தீட்டும் கல். 1000, 4000, 8000 என்று மூன்று; எண் கூடக் கூடக் கல் நைசாகும். முதலில் கல் சமமாக இருக்க வேண்டும். பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடிமேல் ஈர உப்புத்தாள் விரித்துத் தேய். கோடுகள் எல்லாம் அழிந்தால் கல் சமம். விளிம்போரத்தில் மார்க்கர் மை தடவி 1000-ல் ஒரு தடவை இழுத்துப் பார். மை எங்கே மிச்சமோ அங்கே கல் படவில்லை. 1000-ல்தான் பொறுமை வேண்டும். அடிமுதல் முனைவரை எல்லா இடத்திலும் கைமுடி அறுபட்ட பிறகுதான் 4000. அதற்கு முன்னால் போனால் 8000 மினுமினுப்பைத்தான் கொடுக்கும், கூரைக் கொடுக்காது.

அகிலா (ஒசாகா): மாமா, இவர் இங்கே ஜப்பான் சவரக்கத்தி ஒன்று வாங்கியிருக்கிறார். மடிக்கவே முடியாது, இரண்டு பக்கமும் வேறு வேறாக இருக்கிறது.

மதுரை மாமா: அதைக் கமிசோரி என்பார்கள். மெத்தென்ற இரும்பும் கடினமான எஃகும் சேர்த்து அடித்தது. பக்கங்கள் சமமில்லாததால் ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் தீட்டுகிறவர்கள் உண்டு. எந்தப் பக்கம் கூடுதல் என்று விற்ற கடையிலேயே கேட்கச் சொல். அதுவரை வெறும் தோலில் இழுத்தால் போதும்.

சின்ன அத்தை: கத்திகள் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். ஒருவர் கத்தியை இன்னொருவர் எடுக்கவும் வேண்டாம். ரத்தத்தில் மஞ்சள்காமாலைக் கிருமி, எச்.ஐ.வி. எல்லாம் பரவும். சலூன்களில் பிளேடு மாற்றும் கத்தி வந்ததே அதற்காகத்தான்.

கார்த்தி: சரி அத்தை. மாமா, ஷெஃபீல்டில் துரு இருக்கிறது. விளிம்போரம் சின்னச் சின்னப் புள்ளியாக.

மதுரை மாமா: அப்படியானால் அதை ஒதுக்கி வை. புள்ளி ஆழமானால் தீட்டத் தீட்ட விளிம்பு பொடிந்துகொண்டே இருக்கும். சோலிங்கனில் தொடங்கு. முடித்ததும் நன்றாகத் துடைத்துத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்குப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை கத்தியோடு வா, 1000-ம் கல் என்னிடம் இருக்கிறது.