டெக்சாஸில் மகன் பார்த்து வைத்திருக்கும் டிரைலர்: அவன் பிக்கப் தாங்குமா?

திருமங்கலத்தார்:
வணக்கம். லீவுக்கு ஊர் சுற்ற, அடுப்பு, கட்டிலெல்லாம் உள்ள டிரைலர் ஒன்றை மகன் பார்த்திருக்கிறான். பின்னால் கொக்கியில் மாட்டுவது இல்லை. முன்பக்கம் பிக்கப் பாடிக்குள்ளேயே வந்து உட்காரும் பிஃப்த் வீல் வகை. காலி எடை 7,200 பவுண்டு, சாமானோடு 9,500 வரை போகலாமாம். வண்டி 11,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரத்தில் இருக்கிறது. நம்மூரில் டிரைலர் ஓட்டியவர்கள் யாராவது சொல்லுங்கள், வாங்கலாமா?

மாட்டுத்தாவணி லோடு:
1,500 மிச்சம் இருக்கே சார். தைரியமா வாங்கச் சொல்லுங்க.

கப்பலூர் பழைய டிரைவர்:
தம்பி சொல்வது இழுக்கிற கணக்கு. பிஃப்த் வீலில் வண்டி இழுப்பதோடு சுமக்கவும் வேண்டும். டிரைலரை மாட்டும் முளையான கிங் பின், பிக்கப்பின் பின் அச்சுக்கு மேலே உட்காருவதால், டிரைலர் எடையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பிக்கப்பின் முதுகில்தான். 9,500க்கு 1,900 பவுண்டு, அதாவது 860 கிலோ.

நான் ஒருமுறை தூத்துக்குடியில் டிரைலர் லாரியில் இரும்புச் சுருள் ஏற்றினேன். எடை மேடைச் சீட்டில் மொத்த எடை சரிதான். ஆனால் சுருளை முன்னுக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். நானும் கயிறு, சங்கிலி பார்த்தேனே தவிர அதைப் பார்க்கவில்லை. பந்தல்குடி தாண்டியதும் படார் என்று ஒரு சத்தம். இறங்கிக் குனிந்து பார்த்தால் டிரைலரை இழுக்கும் முன் வண்டியின் பின்பக்க ஸ்பிரிங்கில் மெயின் பட்டை இரண்டாகக் கிடக்கிறது. வேலிக்கருவை நிழலில் ஒன்றரை நாள், துணைக்கு ஒரு தண்ணீர்க் கேன்.

விளம்பரத்தை விடுங்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆளும் சாமானும் சேர்த்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அந்த வண்டிக்கே உரிய எண் அதில் உண்டு. அதைக் கேட்டுச் சொல்லுங்கள். டிரைலரின் காலி எடையையும் நம்ப வேண்டாம். 50 காலன் தண்ணீர் பிடித்தாலே 190 கிலோ ஏறிவிடும்.

திருமங்கலத்தார்:
ஸ்டிக்கரில் 1,650 பவுண்டு அண்ணே. மகன், மருமகள், இரண்டு பேத்திகள் சேர்த்து 480. டிரைலரை மாட்டும் இணைப்பு 150. விற்பவர், பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றடைத்த ஏர்பேக் போட்டால் சரியாகிவிடும் என்கிறாராம்.

கப்பலூர் பழைய டிரைவர்:
1,650ல் 630 போனால் மிச்சம் 1,020. வேண்டியது 1,900. 880 பவுண்டு ஓவர்லோடு. எட்டு மூட்டை சிமென்டைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு பிள்ளைகளோடு போகிற மாதிரி.

ஏர்பேக் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும், பார்க்க மட்டமாக இருக்கும். அச்சும் டயரும் பழையதுதானே? ஸ்டிக்கர் எண்ணும் அப்படியேதான். இந்த பிக்கப்பே போதும் என்றால் கொக்கி வகையில் சின்ன டிரைலராகப் பார்க்கட்டும். அதில் முதுகுப் பாரம் 10 முதல் 15 சதவீதம்தான். இந்த டிரைலர்தான் வேண்டுமென்றால் ஒரு படி பெரிய பிக்கப். அதையும் கதவைத் திறந்து பார்த்த பிறகு வாங்கட்டும். எதுவானாலும் சாமானெல்லாம் ஏற்றிவிட்டு ஒருமுறை எடை மேடையில் நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே லாரிகள் நிற்கும் பெட்ரோல் பங்குகளில் அச்சு அச்சாக எடை போட்டுத் தருவார்கள்.

மாட்டுத்தாவணி லோடு:
அண்ணே, நான் சொன்னதை அழிச்சிடறேன். என் வண்டியில வெங்காய மூட்டையை எங்க அடுக்குறேன்னு இப்பத்தான் யோசிக்கிறேன்.

திருமங்கலத்தார்:
மகனிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்பா, அந்த 480ல் பிள்ளைகளோட சைக்கிளைச் சேர்க்கலையே" என்கிறான்.