பெரட்டுக்கு முன் வயிற்றுவலி: ஐபிஎஸ் (IBS) என்னும் குடல் கோளாறு உள்ளவர் என்ன பசியாறலாம்?

டிராக்டர்காரன், சுங்கை சிப்புட்:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறேன். வயது 34. ஓராண்டுக்கும் மேலாகக் காலையில் அடிவயிறு முறுக்கிப் பிடிக்கிறது. பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு) நிற்பதற்குள் இரண்டு மூன்று முறை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. போய் வந்தால் வலி தணிகிறது. பிறகு மதியம் வரை வயிறு உப்பிக் கிடக்கிறது. இரத்தம், மலம் எல்லாம் சோதித்துவிட்டு டாக்டர் ஐபிஎஸ் என்றார். உணவைப் பற்றி, காரத்தைக் குறையுங்கள் என்பதோடு முடித்துக்கொண்டார்.

விடியற்காலையில் ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் (பரோட்டா போன்றது), பருப்புக் குழம்பு, தே தாரிக் (பால் தேநீர்). மதியம் வீட்டுச் சோறு. வயிறு கெட்டால் அம்மா பூண்டு தட்டிப் போட்டு ரசம் வைத்துத் தருவார். அதைக் குடித்த பிறகுதான் உப்புசம் கூடுகிறது என்றால் அவர் நம்புவதில்லை. இப்போது பயந்துபோய்க் கஞ்சியும் உப்பும் மட்டும் சாப்பிடுகிறேன். உடம்பில் வலுவில்லை. இப்படியே ஓட்டலாமா?

ஓய்வுபெற்ற டிரசர்:

தம்பி, மருத்துவ உதவியாளராக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன், வேண்டாம். வெயிலில் உழைக்கும் உடம்பு கஞ்சியில் நிற்காது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஐபிஎஸ் எடையைக் குறைக்காது. எடை குறைந்தால் வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீங்கள் பட்டினி கிடந்து மெலிந்தால், எது பட்டினியால் வந்தது, எது நோயால் வந்தது என்று யாருக்கும் தெரியாமல் போகும். மலத்தில் இரத்தம், காய்ச்சல், இரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, குடும்பத்தில் குடல் புற்றுநோய் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் திரும்பப் போங்கள். கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான (கோதுமைப் புரதம் குடலுக்கு ஒவ்வாத நோய்) இரத்தச் சோதனை எடுத்தாயிற்றா என்றும் கேளுங்கள். கோதுமையை விட்டுவிட்ட பிறகு எடுத்தால் அந்தச் சோதனை சரியாகக் காட்டாது.

நீங்கள் பசியாறுவதைப் பாருங்கள். ரொட்டி சானாயில் கோதுமை. பருப்புக் குழம்பில் பருப்பும் வெங்காயமும் பூண்டும். தே தாரிக்கில் கெட்டிப்பால். கோதுமையிலும் வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பது ஃபிரக்டான் என்ற சர்க்கரை வகை. பருப்பில் இருப்பது கேலக்டோ வகைச் சர்க்கரை. பாலில் லாக்டோஸ்; நம் ஆசிய மக்களில் வயது வந்த பலருக்கு அது முழுமையாகச் செரிப்பதில்லை. சிறுகுடலில் உறிஞ்சப்படாத இந்தச் சர்க்கரைகள் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்கு இறங்குகின்றன. அங்கே கிருமிகள் அவற்றைப் புளிக்கவைத்து வாயுவாக்குகின்றன. எல்லோருக்கும் இது நடக்கிறது. ஐபிஎஸ் உள்ளவரின் குடலில் நரம்பு உணர்ச்சி மிகுதி என்பதால், அதே அளவு வாயு அவருக்கு வலியாகிறது.

இவற்றுக்கு ஃபாட்மேப் (FODMAP) என்று பெயர் சூட்டி 2005இல் எழுதியவர்கள் மெல்பர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும். அவர்கள் வழிமுறையில் இரண்டு முதல் ஆறு வாரம் வரை மட்டுமே இந்த வகைகளை விலக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பலர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். காலம் முழுவதும் விலக்கினால் குடலிலுள்ள நல்ல கிருமிகளுக்கும் உணவு குறைந்துபோகும்.

அம்மாவின் ரசத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்வது பொய்யில்லை. ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ரசத்தில் தட்டிப் போட்ட பூண்டை எடுத்து எறிந்தாலும் ஃபிரக்டான் ரசத்தில் இறங்கியிருக்கும். எண்ணெயைக் காயவைத்துப் பூண்டை வதக்கி, தண்ணீர் ஊற்றும் முன் பூண்டை முழுவதும் எடுத்துவிட்டுத் தாளித்தால் மணம் இருக்கும், தொல்லை இருக்காது. சீரகம், மிளகு, இஞ்சி, கறிவேப்பிலை தாராளமாகச் சேர்க்கலாம். பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருப்பார்கள். பொட்டலத்தைப் படித்து வாங்குங்கள். அம்மாவிடம் ரசம் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், இப்படி வைத்துத் தரச் சொல்லுங்கள்.

டாக்டர் காரத்தைக் குறைக்கச் சொன்னதும் சரிதான்; மிளகாய் குடல் நரம்பை நேரடியாகத் தூண்டும்.

லயத்து அடுக்களை:

அண்ணா, என் மகளுக்கும் இதே நோய். எங்கள் வீட்டுப் பக்குவத்தைச் சொல்கிறேன். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத் தாளின் பச்சைப் பகுதியை மட்டும் நறுக்கிப் போடுகிறேன். வெள்ளைப் பகுதியைச் சேர்ப்பதில்லை. காலையில் இடியாப்பம், முட்டை, தே ஓ (பால் சேர்க்காத தேநீர்). சில நாள் வீட்டில் கிண்டிய மீகூன் (அரிசி சேமியா). கடை மீகூன் அரிசிதான் என்றாலும் பூண்டு அரைத்துப் போட்டுத்தான் பிரட்டுகிறார்கள், அதனால் வாங்குவதில்லை. பருப்பை ஊறவைத்து, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒரு சிறு கரண்டி மட்டும் அவளுக்கு ஊற்றுவேன். பழத்தில் பப்பாளி, ஆரஞ்சு, அன்னாசி ஒத்துக்கொள்கின்றன. மாம்பழமும் தர்பூசணியும் அவளைப் படுக்கவைத்துவிடும். நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தைவிடச் சற்றுக் காய்வெட்டாக இருப்பது நல்லது.

தனியாகச் சமைக்க நேரமில்லை என்று யாரும் கவலைப்பட வேண்டாம். ஒரே சட்டியில் சமைத்து அவளுக்கு எடுத்து வைத்துவிட்டு, மற்றவர்களுக்கு வதக்கிய வெங்காயத்தைக் கடைசியில் கொட்டுகிறேன்.

டிராக்டர்காரன், சுங்கை சிப்புட்:

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எண்ணெயில் பூண்டு வதக்கி எடுக்கச் சம்மதித்துவிட்டார். ஒரு சந்தேகம். திரும்பச் சேர்க்கும்போது ரொட்டி சானாயில் தொடங்கலாமா?

ஓய்வுபெற்ற டிரசர்:

அதில் தொடங்காதீர்கள் தம்பி. அதோடு குழம்பும் தேநீரும் வரும், எது குற்றவாளி என்று தெரியாது. முதலில் பாலை மட்டும் சோதியுங்கள்: முதல் நாள் கால் கிளாஸ், மறுநாள் அரை, மூன்றாம் நாள் ஒரு கிளாஸ். பிறகு சில நாள் ஓய்வு. அடுத்தது வெறும் சப்பாத்தி. வெங்காயத்தையும் பூண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளும் வயிறு பூண்டைத் தள்ளுவதுண்டு. விடுமுறை நாளில் தொடங்குங்கள், கழிப்பறை அருகில் இருக்கும்.

உணவு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவது இயற்கை. ஆகவே சற்று முன்னதாக எழுந்து வீட்டிலேயே பசியாறிவிட்டுப் பெரட்டுக்குப் போங்கள். அரசு கிளினிக்கில் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). அங்கே டாக்டரிடம் உணவியல் நிபுணருக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். போகும்போது என்ன சாப்பிட்டீர்கள், எப்போது வலித்தது என்று எழுதிய நோட்டைக் கையில் கொண்டுபோங்கள்.